திறமூலத் திட்டத்தில் முடிவெடுப்பது யார்? முதலிலேயே எழுதி வையுங்கள்

நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தும்படி திறந்து வைத்திருப்பதுதான் திறமூலத் திட்டம். அதில் உங்களைத் தவிர இன்னொருவருக்குக் கமிட் அனுமதி, அதாவது நிரலை நேரடியாக மாற்றும் உரிமை, கொடுக்கும் அன்றே, கடைசி முடிவு யாருடையது என்று ஒரு கோப்பில் எழுதி, நிரல் இருக்கும் ரெப்போவில் போட்டுவிடுங்கள். சண்டை வந்த பிறகு எழுதினால், ஒவ்வொரு வரியும் யாரையோ குறிவைத்து எழுதியதாகவே படும்.

தேதி, நேரத்தைப் பிரித்துப் படிக்கும் ஒரு சிறிய பைத்தான் லைப்ரரியை நான் பராமரிக்கிறேன். எங்கள் கோப்பு ஒரு பக்கம்கூட இருக்காது. கடைசி முடிவு என்னுடையது என்பதுதான் அதன் முதல் வரி. சின்னத் திட்டத்துக்கு ஒருவர் தலைமை போதும், அதில் தயங்க ஒன்றுமில்லை. ஆனால் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மேலே இருந்தாலும், எந்தப் பகுதியை யார் பார்க்கிறார்கள் என்று மெயின்டெய்னர்ஸ் கோப்பில் பெயரோடு இருக்கிறது. எங்களிடம் நேர மண்டலப் பகுதி ஒரு நண்பரின் பொறுப்பு. அவர் வேண்டாம் என்றால் நானும் அந்த மாற்றத்தை நிரலில் சேர்ப்பதில்லை.

அடுத்தது, மறுப்பை எப்படி நடத்துவது. இதற்கு அப்பாச்சி என்ற அறக்கட்டளையின் திறமூலத் திட்டங்களின் வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு மாற்றத்தை முன்வைத்து, வழக்கமாக 72 மணி நேரமாவது காத்திருப்பார்கள். யாரும் மறுக்கவில்லை என்றால் சம்மதம். நிரல் மாற்றத்தைத் தடுக்க ஒருவரின் மறுப்பே போதும், ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். ரிலீஸை, அதாவது புதிய பதிப்பு வெளியீட்டை, அப்படித் தடுக்க முடியாது. குறைந்தது 3 ஆதரவு வாக்குகளும், எதிர்ப்பைவிட அதிக ஆதரவும் இருந்தால் அது வெளியாகும். நாங்கள் தன்னார்வலர்கள் என்பதால் காத்திருப்பதை ஒரு வாரமாக்கினோம்.

காரணம் கேட்பது வெறும் சடங்கு இல்லை. பழைய பைத்தான் பதிப்புக்கான ஆதரவை எடுக்கலாம் என்றபோது ஒருவர் வெறுமனே 'வேண்டாம்' என்று எழுதினார். ஏன் என்று கேட்டோம். அந்தப் பதிப்பிலேயே மாட்டிக்கொண்ட இரண்டு திட்டங்களைக் காட்டினார். சரி என்று, ஒரு ரிலீஸில் எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு அடுத்ததில் எடுத்தோம்.

அப்புறம், தலைவர் விலகும் வழி. 2018 ஜூலையில், பைத்தான் மொழியை மாற்றும் பி.இ.பி. 572 என்ற முன்மொழிவு மீதான விவாதம் ஓய்ந்த கையோடு, அந்த மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் அதன் தலைமையிலிருந்து விலகினார். வாரிசு யாரையும் நியமிக்கவில்லை. புதிய ஆட்சிமுறையை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க டிசம்பர் ஆகிவிட்டது. இப்போது 5 பேர் கொண்ட வழிநடத்தும் குழு இருக்கிறது. ஒரே நிறுவனத்திலிருந்து 2 பேருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது. உங்கள் திட்டத்தில் நிறுவன ஊழியர்கள் பங்களித்தால் இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

களைப்பில் அவசரமாகச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருள் திட்டத்தில், வேலை மெதுவாக நடக்கிறது என்று பலர் நெருக்கியபோது, நீண்ட நாள் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவருக்குப் பொறுப்பு போனது. 2024இல் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி, இருந்தது. கமிட் அனுமதி வேறு, ரிலீஸ் அனுமதி வேறு என்று தனியாக எழுதுங்கள்.

கோப்பில் எழுதியது கணக்குகளிலும் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். பைத்தான் லைப்ரரிகள் வெளியாகும் பைபிஐ தளத்தில் மெயின்டெய்னர் புதிய பதிப்பை ஏற்றலாம். ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ ஓனரால்தான் முடியும். நன்றாகத் தெரிந்த இருவரையாவது ஓனராக வையுங்கள்.