நீதி தாமதிக்கும் நாட்களில் ஆபகூக்கின் புத்தகத்தை வாசிப்பது எப்படி

அநியாயத்தால் அடிபட்ட ஒருவர் ஆறுதல் தேடி, பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசியான ஆபகூக்கின் புத்தகத்தைத் திறக்கும்போது, பெரும்பாலும் நேராக அதன் கடைசி வசனங்களுக்குப் போய்விடுகிறார். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்ற அந்த அறிக்கையை நானும் பல ஆண்டுகள் தனியாகப் பிரித்தெடுத்து வாசித்தேன். வாசித்த ஒவ்வொரு முறையும் அது எனக்கு எட்டாததாகவே இருந்தது. அந்த வரிகளுக்கு முன்னால் தீர்க்கதரிசி எழுப்பிய முறையீடுகளை நான் தாண்டிப் போயிருந்தேன் என்பது பின்னர்தான் விளங்கியது. ஆகவே முதல் வேண்டுகோள் இதுதான்: முடிவிலிருந்து தொடங்காதீர்கள். 3 அதிகாரங்களும் 56 வசனங்களும் மட்டுமே கொண்ட சிறிய புத்தகம் இது. ஒரே அமர்வில் வாய்விட்டு வாசித்து முடித்துவிடலாம்.

வாசிக்கும்முன் அதன் காலத்தைச் சற்றே அறிந்துகொள்வது நல்லது. புத்தகம் எந்த அரசனின் பெயரையும் சொல்வதில்லை என்றாலும், கல்தேயர், அதாவது பாபிலோனியர், தலையெடுக்கும் செய்தி அதில் வருவதால், அது கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது என்று பெரும்பாலோர் கொள்கின்றனர். கி.மு. 609இல் யூதாவின் அரசன் யோசியா மெகிதோவில் கொல்லப்பட்டான். அதே ஆண்டில் எகிப்தின் பார்வோன் யோயாக்கீமை யூதாவின் அரியணையில் அமர்த்தினான். கூலி கொடாமல் அயலானை வேலைவாங்கித் தனக்குக் கேதுரு மரத்தால் மாளிகை கட்டியவன் என்று அக்காலத்துத் தீர்க்கதரிசி எரேமியா இந்த அரசனைக் கண்டிக்கிறார். நியாயப்பிரமாணம் பெலனற்றுப்போயிற்று, துன்மார்க்கன் நீதிமானை வளைந்துகொள்ளுகிறான் என்று ஆபகூக் சொல்லும்போது, இத்தகைய அரசும் இத்தகைய நீதிமன்றமும் கண்முன் நிற்கின்றன.

இனி முதல் அதிகாரத்துக்கு வருவோம். முறையிடக் கற்றுக்கொள்வதே இதன் முதற்படி. "எதுவரைக்கும்" என்ற கேள்வியோடுதான் தீர்க்கதரிசி வாய் திறக்கிறார். கொடுமை என்று தமிழில் வரும் இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் ஹமாஸ். ஒருவர் மற்றொருவர்மீது செலுத்தும் வன்முறையையும் அநீதியையும் குறிக்கும் இச்சொல் இந்தச் சிறிய புத்தகத்தில் ஆறு முறை வருகிறது. நடந்ததை அவர் மென்மையான பெயரால் அழைப்பதில்லை. நீர் கேளாமலிருக்கிறீரே என்று தேவனிடமே சொல்கிறார். அப்படிச் சொன்னதற்காகப் புத்தகத்தின் எந்த இடத்திலும் அவர் கண்டிக்கப்படவில்லை. எரேமியாவும் தேவன் நீதியுள்ளவர் என்று ஒப்புக்கொண்ட அதே வசனத்தில், ஆகாதவர்களின் வழி வாய்க்கிறதென்ன என்று வழக்காடுகிறார். எனவே உங்களுக்கு நேர்ந்ததை ஒரு தாளில் எழுதுங்கள். யார் எதைச் செய்தார், எதை இழந்தீர்கள், யாரிடம் போயும் நியாயம் கிடைக்கவில்லை என்பவற்றை மழுப்பாமல் எழுதி, அதை ஜெபமாகவே வாசியுங்கள். தேவனைப்பற்றி முறுமுறுப்பது வேறு, தேவனிடமே முறையிடுவது வேறு. கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவன் அல்லவா கேட்கவில்லையே என்று கூக்குரலிடுவான்?

அடுத்து வருவதற்கு மனதை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஆபகூக்குக்குக் கிடைத்த பதில் நிலைமையை இன்னும் கடினமாக்கியது. யூதாவின் கொடுமைக்குத் தீர்வாகக் கல்தேயரை எழுப்புவேன் என்கிறார் கர்த்தர். நோயைவிட மருந்து கொடியதாகத் தோன்றுகிறது. இங்கே தீர்க்கதரிசி செய்வதைக் கவனியுங்கள். தாம் உறுதியாய் அறிந்ததை முதலில் சொல்கிறார்: நீர் பூர்வகாலமுதல் இருக்கிறவர், நீர் பரிசுத்தர். அதன்பின், அப்படியானால் துன்மார்க்கன் தன்னைவிட நீதியுள்ளவனை விழுங்கும்போது ஏன் மௌனமாயிருக்கிறீர் என்று கேட்கிறார். தம் விசுவாசத்தையே தம் வழக்கின் ஆதாரமாக அவர் முன்வைக்கிறார். நீங்களும் தேவனைப்பற்றி இன்றும் நம்பமுடிகிற ஒரே ஒரு காரியத்தை எழுதி, அதற்கு முரணாக உங்கள் வாழ்வில் நிற்பதை அதன் கீழே எழுதுங்கள். இரண்டில் எதையும் அடித்துவிடாமல் ஜெபியுங்கள்.

அதன்பின் அவர் காவற்கோபுரத்தில் நிலைகொண்டு காத்திருக்கிறார். ஓடுகிறவனும் வாசிக்கும்படி தரிசனத்தைப் பலகைகளில் தெளிவாக எழுது என்ற கட்டளை அங்கேதான் அவருக்குக் கிடைக்கிறது. அது தாமதித்தாலும் அதற்குக் காத்திரு என்ற வார்த்தையை நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். ஒடுக்குகிற கல்தேயரும் வீழ்வார்கள் என்பதே அந்தத் தரிசனம். ஆனால் ஆண்டுகளை எண்ணிப்பாருங்கள். கர்கேமிசில் எகிப்தைப் பாபிலோன் வென்றது கி.மு. 605இல், அந்தப் பாபிலோனே பெர்சிய அரசன் கோரேசிடம் விழுந்தது கி.மு. 539இல். இடையே 66 ஆண்டுகள் கடந்தன, எருசலேமும் ஆலயமும் அழிந்தன. ஆபகூக்கின் வாயிலிருந்து அதைக் கேட்டவர்களில் மிகப்பலர் அதன் நிறைவேற்றத்தைக் கண்டிருக்கமுடியாது. ஆகவே உங்கள் வழக்கு இந்த ஆண்டே தீர்ந்துவிடும் என்பதற்கு வாக்குறுதியாக இந்த வசனத்தைப் பயன்படுத்தாதீர்கள்; அப்படி வாக்களிக்க அது எழுதப்படவில்லை.

நீதிமான் தன் விசுவாசத்தினாலே பிழைப்பான் என்ற வசனம் இந்தக் காத்திருப்பின் நடுவில்தான் நிற்கிறது. விசுவாசம் என்பதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் எமுனா. உறுதி, நிலைத்திருத்தல், நம்பத்தக்க தன்மை ஆகியவை அதன் பொருளில் அடங்கும். அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தில் மோசேயின் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரை நிலையாயிருந்தன என்று யாத்திராகமம் சொல்லும் இடத்திலும் இதே சொல்தான் வருகிறது. அந்தக் கைகள் தாமாக நிலைநிற்கவில்லை, ஆரோனும் ஊர் என்பவனும் இருபுறமும் தாங்கினார்கள். துன்பத்தில் உங்கள் உள்ளத்தில் பொங்கும் உணர்வை அளந்து விசுவாசம் குறைந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். உங்கள் கைகளைத் தாங்கக்கூடிய இருவர் யார் என்று தேடுங்கள். ஜெபிக்க வார்த்தை வராத நாளில் அவர்கள் உங்களுக்காக வாசிக்கட்டும்.

காத்திருப்பது செயலற்றிருப்பது அல்ல என்பதை நான் வலியுறுத்தியே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த இடத்தில் தவறான போதனை பலரைக் காயப்படுத்தியிருக்கிறது. யோயாக்கீம் தீர்க்கதரிசனச் சுருளை எரித்த நாட்களில் எரேமியாவும் அவருடைய எழுத்தர் பாருக்கும் ஒளித்துக்கொண்டார்கள். அதை யாரும் அவிசுவாசம் என்று சொல்லவில்லை. அடிக்கிறவரின் கையெட்டும் தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு முதலில் தேவைப்படுவது பாதுகாப்பான இடமே. காத்திரு என்ற வசனத்தை அவரை அங்கேயே கட்டிவைக்கும் கயிறாக்குவது பாவம். எருசலேம் முற்றுகையில் இருந்தபோது, காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்து ஆனதோத்தில் ஒரு நிலத்தை வாங்கினார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, அது நெடுநாள் அழியாதிருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச்சொன்னார். கையெழுத்திட்ட பிறகுதான், நகரம் பகைவர் கையில் போகும்போது இந்த நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று தேவனிடம் திகைத்து ஜெபித்தார். முழுத் தெளிவு வந்த பின்பே செயல்படுவேன் என்று அவர் நிற்கவில்லை. நீங்கள் கொடுக்கவேண்டிய புகாரைக் கொடுப்பதும், ஆவணங்களைப் பத்திரப்படுத்துவதும், சாட்சிகளைச் சேர்ப்பதும் விசுவாசத்தோடு சேர்ந்த காரியங்களே.

இரண்டாம் அதிகாரத்தில் கொடியவர்களுக்கு "ஐயோ" என்று சொல்லும் ஐந்து எச்சரிப்புகளை, உங்களை ஒடுக்கியவரை மனதில் வைத்து ஒருமுறையும், உங்களையே வைத்து ஒருமுறையும் வாசியுங்கள். அநியாயமாய்க் கட்டிய வீட்டின் சுவரிலிருந்து கல் கூப்பிடும் என்ற வரி எல்லா வீடுகளுக்கும் பொருந்தும்.

இவ்வளவுக்கும் பிறகே மூன்றாம் அதிகாரம். மகிழ்ச்சியை அறிக்கையிடுவதற்குச் சற்று முன்னால் அவருடைய உதடுகள் துடிக்கின்றன, எலும்புகளில் உக்கல் உண்டாகிறது; அந்த நடுக்கம் நீங்கிவிட்டது என்று எங்கும் சொல்லப்படவில்லை. அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், மந்தை, தொழுவம் என்று அவர் எண்ணும் ஆறும் ஒரு குடும்பத்தின் முழு வாழ்வாதாரம். அவற்றின் இடத்தில் உங்கள் இழப்புகளைப் பெயர்சொல்லி வைத்து, ஒவ்வொன்றோடும் "இல்லாமற்போனாலும்" என்று சேர்த்து வாசியுங்கள். அடுத்த வரியைச் சொல்ல இன்று நாவு எழவில்லையென்றால் அங்கேயே நிறுத்தி, நாளை மறுபடியும் முதல் அதிகாரத்திலிருந்து வாருங்கள். துன்பத்தில் இருக்கும் வேறொருவரிடம் இந்த வரிகளைக் கடமையாகச் சுமத்தாதீர்கள். ஆபகூக் இதைத் தம்மைக்குறித்தே சொன்னார். புத்தகத்தின் கடைசிச் சொற்களோ இந்த ஜெபத்தை இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கின்றன. தனியொருவன் கோபுரத்தில் நின்று எழுப்பிய முறையீடு, நரம்பு வாத்தியங்களோடு சபை பாடும் பாட்டாகிறது. ஆகையால் முடிந்தால் இந்த அதிகாரத்தையேனும் மற்றவர்களோடு சேர்ந்து, உரத்த குரலில் வாசியுங்கள்.