நடுநிலைப் பள்ளி மேலாண்மைக் குழு: வளர்ச்சித் திட்டத்தை எண்களோடு எழுதுவது எப்படி

1 முதல் 8 வரை வகுப்புகள் உள்ள அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குப் பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் இல்லை. அது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் வேலை. அந்தப் பாடம் வகுப்பறையில் உண்மையில் நடக்கிறதா, நடத்த ஆள் இருக்கிறாரா, நேரம் இருக்கிறதா என்று கேட்கும் அதிகாரம் குழுவுக்கு முழுதாக உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு குழுவை அமைக்கச் சொல்கிறது: முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22ஆம் பிரிவுப்படி குழு எழுதும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசு மானியத்துக்கு அடிப்படை. கூட்டத்தில் எவ்வளவு பேசினாலும் திட்டத்தில் ஏறாத கோரிக்கைக்குப் பிடிமானம் கிடையாது.

திட்டம் மூன்று ஆண்டுக்கானது; அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று துணைத் திட்டங்கள். நிதியாண்டு முடிய மூன்று மாதம் முன்பே தயாராக வேண்டும் என்பது ஒன்றிய அரசின் மாதிரி விதி, அதாவது டிசம்பருக்குள். மார்ச் கடைசியில் உட்கார்ந்து போன ஆண்டுத் திட்டத்தைப் பார்த்து எழுதினால், தேவையில்லாத பழைய கோரிக்கையும் சேர்ந்தே வரும். வகுப்புவாரி எண்ணிக்கையை எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழித் தகவல் மேலாண்மை முறை) பதிவிலிருந்து எடுத்து வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி நடப்பதால், அந்தத் தேதியில் ஒரு குழந்தை விடுபட்டாலும் ஒரு பணியிடம் போகலாம்.

முதலில் நேரம். 6–8 வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 கற்பித்தல் மணி. 1–5க்கு 200 நாள், 800 மணி. 40 நிமிடப் பாடவேளை நாளுக்கு 7 என்றால் 220 நாளில் சுமார் 1,027 மணி வரும். தினமும் ஒரு பாடவேளை பறிபோனால் 880தான். ஆக, ஏழு பாடவேளைக் கால அட்டவணையில் மிச்சம் என்று ஒன்றுமில்லை. ஆசிரியரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்த வேறு கல்வி சாரா வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. போன பருவத்தில் யார், எத்தனை நாள், எதற்காக வெளியே போனார் என்ற பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கலாம். இது குற்றம் சாட்டும் வேலையல்ல. பெரும்பாலும் அவருக்கும் அதே வருத்தம்தான் இருக்கும்.

அடுத்தது ஆசிரியர் கணக்கு. பல குழுக்கள் சறுக்குவது இங்கேதான். 1–5இல் 62 பேர், 6–8இல் 74 பேர், ஆசிரியர் 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாக வகுத்தால் 27 பேருக்கு ஒருவர், குறையே தெரியாது. ஆனால் சட்டத்தின் அட்டவணை இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. தொடக்க வகுப்பில் 60 வரை 2 ஆசிரியர், 61–90க்கு 3, 91–120க்கு 4. நடுநிலை வகுப்பில் 35 பேருக்கு ஒருவர். அதோடு அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகிய மூன்றுக்கும் தலா ஒருவராவது வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 3 + 3, ஆக 6 பேர் தேவை; இருப்பவர் 5. குறையும் அந்த ஒருவர் அறிவியல்-கணித ஆசிரியராக இருந்தால், எட்டாம் வகுப்புக் கணக்கை, தொடக்க வகுப்புகளுக்கான இடைநிலை ஆசிரியர் சமாளித்துக்கொண்டிருப்பார். அவருடைய மூன்றாம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். 6–8இல் மட்டும் 100ஐத் தாண்டினால் முழுநேரத் தலைமையாசிரியரும் தேவை.

‘ஆசிரியர் பற்றாக்குறையைப் போக்க வேண்டும்’ என்று எழுதும் தீர்மானம் கோப்பில் தூங்கும். இப்படி எழுதுங்கள்:

‘தீர்மானம் 3: 6–8 வகுப்புகளில் 74 பேர் பயில்கின்றனர். கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 3 ஆசிரியர் தேவை, இருப்பவர் 2. அறிவியல்-கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணியிடத்தை நிரப்பவும், அதுவரை மாற்றுப் பணியில் ஒருவரை அனுப்பவும் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலரை (தொடக்கக் கல்வி) கோரத் தீர்மானிக்கப்பட்டது.’

ஒரு தீர்மானத்தில் ஒரு கோரிக்கை போதும். கழிப்பறை, சுற்றுச்சுவர், ஆசிரியர் மூன்றையும் ஒன்றாகக் கட்டினால் எந்த அலுவலகத்துக்கு உரியது என்ற கேள்வியிலேயே அது நின்றுவிடும். தீர்மானப் பதிவேட்டில் வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கும் வழக்கம் இருந்தால் அதை முதல் கூட்டத்திலேயே நிறுத்துங்கள்.

தொடக்க வகுப்புகளின் நடைமுறையை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும். பிறப்புச் சான்று இல்லையென்று யாரையாவது திருப்பி அனுப்பினார்களா? 14ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்தி வைக்கக் கூடாது (பிரிவு 5). செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்தின் பத்து வயதுக் குழந்தையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்காமல், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் (பிரிவு 4). அடிப்பது மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதும் 17ஆம் பிரிவில் தடை. இந்தக் கடைசி விஷயத்தைப் பொதுக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கிளப்பினால் பாதிக்கப்பட்ட குழந்தைக்கே சங்கடம். புகாரைத் தனியாக எழுதி வாங்குவதே நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 31–100 பேருக்கு 25,000 ரூபாய், 101–250க்கு 50,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். 2024–25இல் இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான ஒன்றிய நிதி நிறுத்திவைக்கப்பட்டதை மறக்காமல், மானியம் வராவிட்டால் எதை முதலில் செய்வது என்ற வரிசையையும் எழுதிவையுங்கள்.

தீர்மான நகலை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து, தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகை வாங்குங்கள். கட்டடம், குடிநீர் போன்றவற்றை ஊராட்சிப் பிரதிநிதி வழியாகக் கிராம சபைக்கும் கொண்டுபோகலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் சபை கூடும். பதிலே வராவிட்டால், ஒப்புகையின் தேதியைக் குறிப்பிட்டு, தீர்மானத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டியது அலுவலகத்தின் கடமை.