மழலையர் பள்ளிப் பிள்ளைகளின் உணவுத் திட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் இட்லி, மதிய டப்பாவில் எலுமிச்சைச் சாதம், மாலையில் முறுக்கு, இரவில் தோசை. கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. படிக்கும் பிள்ளைகள் பலர் ஒரு நாளில் சாப்பிடுவது ஏறக்குறைய இதுதான். வேளைக்கொரு பலகாரம் செய்து தருவதாகப் பெற்றோர் நினைத்தாலும், பெயர் மாறுகிறதே தவிர, நான்கு வேளையும் வயிற்றுக்குள் போவது அரிசிதான். இட்லி மாவில் உளுந்து இருப்பது உண்மை. ஆனால் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்காகச் சேரும் அந்த உளுந்தை நம்பி, அன்றைக்குத் தர வேண்டிய பருப்பையும் பயறையும் விட்டுவிடுவதுதான் முதல் தவறு.

இத்தனைக்கும் இதற்கான வழி நம் கொங்குச் சமையலிலேயே இருக்கிறது. அரிசிம்பருப்புச் சாதத்துக்கு ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு போடுகிறவர்கள் அதை அரை டம்ளராக உயர்த்தி, குக்கரை மூடும் முன் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் பொடியாக அரிந்து போட்டு, இறக்கியபின் ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கிளறி, சூடு தணிந்ததும் சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்தால், பிள்ளைக்கு வேண்டிய பெரும்பகுதி அந்த ஒரே டப்பாவில் சேர்ந்துவிடும். எலுமிச்சை ருசிக்காக மட்டுமல்ல. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள அதிலுள்ள வைட்டமின் சி உதவுகிறது. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, இதைச் சின்ன விஷயமென்று தள்ள முடியாது.

அப்படியிருக்க, பனியன் கம்பெனிக்கு ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் பிள்ளைக்கு டீயும் நாலு பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவது இருமடங்கு கெடுதல். வயிறு நிறைந்ததுபோல் தோன்றிப் பசி மந்தமாகும். டீயோ உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேராமல் தடுக்கும். ஒரு முட்டையை வேகவைக்க ஆகும் நேரம் அந்த டீ போடும் நேரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அதில் சுமார் ஆறு கிராம் புரதம் கிடைக்கிறது. நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டையை ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. முட்டை சாப்பிடாத வீடுகளில் பச்சைப்பயறு, தட்டைப்பயறு, தயிர் ஆகியவை வாரத்தில் பல நாள் வர வேண்டும்.

பாலிலும் அளவு வேண்டும். சோறு உண்ணாத பிள்ளைக்கு ஈடாக டம்ளர் டம்ளராகப் பால் கொடுத்தால், அடுத்த வேளையும் அது சோறு உண்ணாது. சுண்ணாம்புச்சத்துக்குப் பால் மட்டுமே வழி என்பதும் இல்லை: 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராம் அளவுக்கு அது இருக்கிறது. வாரம் இரண்டு நாள் ராகி தோசையோ, கம்மஞ்சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்ததோ கொடுக்கலாம்.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை நல்லதென்று இடியாப்பம் போலப் பிழியும் சந்தகைக்கும் சத்துமாவுக் கஞ்சிக்கும் அள்ளிப் போடுவதும் சரியன்று. வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றாகச் சிறிது சேர்ப்பதில் தவறில்லை, ஆனால் பல்லுக்கு இரண்டும் சர்க்கரைதான். சந்தகைக்குத் தேங்காய்ப்பூவும் கனிந்த பழமும் போதுமான இனிப்பைத் தரும்.

வறுத்த நிலக்கடலையை முழுதாகக் கொடுத்து அனுப்புவதை மட்டும் அடியோடு நிறுத்த வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. பொடித்து எள்ளோடு சேர்த்துச் சாதத்தில் பிசைந்து தரலாம். திராட்சையை நீளவாக்கில் நறுக்கித்தான் டப்பாவில் வைக்க வேண்டும். நிலக்கடலையோ வேறெதுவோ சாப்பிட்டபின் பிள்ளைக்குத் தடிப்போ மூச்சிரைப்போ வந்திருந்தால், அதை வகுப்பு ஆசிரியைக்கும் ஆயாவுக்கும் எழுதியே கொடுத்துவிடுங்கள். பக்கத்துப் பிள்ளையின் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்பது அந்த வயதில் அன்றாடம் நடப்பது.