பரோசா ஒயின் பண்ணைகளுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிலெய்டில் இருப்பதால், ஊரிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் வருகிறவர்களைப் பரோசா பள்ளத்தாக்குக்கு நான்தான் அழைத்துப் போவேன். இங்கே வந்த புதிதில் நாங்கள் செய்ததையே அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். முன்பதிவு, தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் எல்லாரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

கொடிகளுக்கு நடுவே இறங்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். காரை ஓரம்கட்டிவிட்டு நேராகக் கொடி வரிசைக்குள் போய் நின்று போட்டோ எடுக்கிறார்கள். காலில் ஒட்டியிருக்கும் மண்ணை யாரும் யோசிப்பதில்லை.

ஃபிலாக்ஸெரா என்று ஒரு பூச்சி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. திராட்சை வேரில் சாறு உறிஞ்சியே சில வருடங்களில் கொடியைப் பட்டுப்போக வைத்துவிடும். ஷூவில் ஒட்டிய மண்ணோடு தோட்டம் விட்டுத் தோட்டம் பரவும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களைச் சூறையாடியது இதுதான். ஆஸ்திரேலியாவில் 1877இல் விக்டோரியாவின் ஜீலாங் பக்கம் தென்பட்டது. அந்த மாநிலத்தில் இன்னும் இருக்கிறது. பரோசா இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் இதுவரை நுழையவில்லை. அதனால்தான் 1843இல் நட்ட ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சைக் கொடிகள் பரோசாவில் சொந்த வேரிலேயே நின்று இன்றும் காய்க்கின்றன. பூச்சி வந்துவிட்டால் மருந்து கிடையாது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டிய கன்றுகளைத்தான் நட வேண்டும்.

ஒரு குடும்பம் முந்தின நாள் விக்டோரியாவில் மெல்போர்ன் பக்கத்து ஒயின் பகுதியான யாரா பள்ளத்தாக்கைச் சுற்றிவிட்டு, மறுநாள் காலை விமானத்தில் வந்தது. யாராவில் 2006இல் இந்தப் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அதே ஷூ, அடியில் காய்ந்த மண். நான் காரைப் பூட்டுவதற்குள் இரண்டு பேர் வரிசைக்குள் போய்விட்டார்கள். தோட்டத்துக்காரர் ஓடி வந்து வெளியே வரச் சொன்னார். “ஒரு போட்டோவுக்கா இவ்வளவு?” என்று அந்த அக்காவுக்கு வருத்தம். தோட்டத்துக்காரர் அருகிலிருந்த கொடியைக் காட்டினார். தண்டு கறுத்து முறுக்கேறி, பட்டை நார்நாராக உரிந்து தொங்கியது. அவருடைய தாத்தாவுக்கும் முந்தைய தலைமுறை நட்டதாம்.

வேறு தோட்டத்துக்குப் போட்ட ஷூவைப் போடாதீர்கள். வேறு இல்லையென்றால் மண் போகத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். கொடியைக் கிட்டத்தில் பார்க்க ஆசையா? டூரில் கேளுங்கள். ஷூவைக் குளோரின் தண்ணீரில் நனைக்கச் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம்.

“கொஞ்சம்தானே” என்று வண்டி எடுப்பது

ஒரு டேஸ்டிங்கில், அதாவது ருசி பார்க்கத் தரும் சுற்றில், 30 மில்லி வீதம் ஐந்து ஒயின் என்றால் 150 மில்லி. பரோசா ஷிராஸில் 14.5 சதவீதம் ஆல்கஹால் சாதாரணம். கணக்குப் போட்டால் சுமார் 17 கிராம் ஆல்கஹால். இங்கே ஒரு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ என்பது 10 கிராம். முழு லைசென்ஸ்காரருக்கே ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தை எட்டினால் குற்றம். துப்புவதற்கென்றே குவளை வைத்திருப்பார்கள், தயங்காமல் துப்பலாம். ஆனாலும் ஓட்டுகிறவர் தொடாமல் இருப்பதுதான் சரி.

சாப்பாட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்வது

பரோசாவில் 1842 முதல் குடியேறியவர்களில் பலர் ஜெர்மானியர்கள். புகைபோட்ட பன்றி இறைச்சியும் மெட்வுர்ஸ்ட் என்ற ஜெர்மன் சாசேஜும் இல்லாத தட்டு அபூர்வம். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்து. முதலில் மதிய உணவு நேரத்தை உறுதி செய்துவிட்டு, அப்புறம் டேஸ்டிங்குகளை அதன் இரு பக்கமும் வையுங்கள். வெறும் வயிற்றோடு டேஸ்டிங் வேண்டாம்.

செண்ட்

கூடாது. பக்கத்தில் நிற்பவருக்கும் ஒயின் வாசனை தெரியாமல் போகும்.

ஒரே நாளில் ஐந்து பண்ணை

இரண்டு போதும். செப்பல்ட்ஸ்ஃபீல்ட் என்ற பண்ணையில் 1878 முதல் ஒவ்வொரு வருடத்து டானி ஒயினும் (பீப்பாயில் பல வருடம் ஊறவைக்கும் இனிப்பு ஒயின்) பீப்பாயில் இருக்கிறது. நீங்கள் பிறந்த வருடத்து ஒயினையே ருசி பார்க்கலாம். அதை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடுவதா?

வாங்கிய புட்டியைக் காரில் விடுவது

ஜனவரியில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பூட்டிய காருக்குள் ஒயின் வெந்து, தக்கையை மேலே தள்ளிவிடும். கடைசியாகப் போகும் பண்ணையில் வாங்குங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.