வாடகை வீட்டைப் புதுப்பிக்கும் முன்: எந்த வேலைக்கு அனுமதி வேண்டும்?

சென்னையில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர், மேஸ்திரியிடம் மதிப்பீடு கேட்பதற்கு முன்பே, அந்த வீட்டுக்கு வாங்கிய அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைத் தேடி எடுத்துவிட வேண்டும். வெள்ளையடிப்பது, உதிர்ந்த பூச்சைச் சரிசெய்வது, தரைக்கு டைல்ஸ் பதிப்பது போன்ற பராமரிப்பு வேலைகளுக்கு, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அனுமதி தேவையில்லை.

சுவரில் கை வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பழைய மெட்ராஸ் டெரஸ் (மரக் கட்டைகளின் மேல் செங்கல் பரப்பிய கூரை) வீடுகளில், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நிற்கும் ஒன்பது அங்குலச் சுவரைக் காட்டி, "இது வெறும் தடுப்புதான் சார், எடுத்துவிடலாம்" என்பார் மேஸ்திரி. அண்ணாந்து பார்த்தால், கூரையைத் தாங்கும் தேக்குக் கட்டைகளின் முனைகள் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். இதைப் பொறியாளர் நேரில் பார்க்காமல் தொடவே கூடாது.

இதைவிட அதிகம் பேர் மாட்டிக்கொள்வது, ஒரு வீட்டை இரண்டு போர்ஷனாக்கும்போதுதான். குறுக்கே ஒரு சுவர், இன்னொரு சமையல் மேடை, தனி மீட்டர் என்று வேலை சிறியதாகத் தோன்றினாலும், குடியிருப்புகளின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டாகிவிடுவதால், வாகன நிறுத்துமிடம் உட்பட எல்லாக் கணக்கும் மாறி, அனுமதி வாங்க வேண்டியதாகிவிடுகிறது. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு வாடகைக்கு விடும் அறையும் கட்டடப் பரப்பில்தான் சேரும்.

அனுமதிக்கான விண்ணப்பம் உரிமையாளர் பெயரில், பத்திரம், பட்டா, பழைய வரைபடம் ஆகியவற்றோடு, பதிவு பெற்ற பொறியாளர் வழியாக அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் போக வேண்டும். வாடகைதாரர் தன் செலவில் வேலை செய்துகொள்வதாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. 10,000 சதுர அடிக்கும் 8 குடியிருப்புகளுக்கும் மேற்படாத குடியிருப்புக் கட்டடத்தை மாநகராட்சியே பரிசீலிக்கும். அனுமதியில்லாமல் கட்டினால், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி வேலையை நிறுத்தவும், கட்டியதை அகற்றவும் உத்தரவு வரக்கூடும். அப்போது உள்ளே குடியிருப்பவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

குடியிருப்பவர் தொடர்பாகவும் சில கடமைகள் உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, கட்டமைப்புப் பழுது, வர்ணம், குழாய் மாற்றுதல், மின் வயரிங் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. ஆட்களோடு வீட்டுக்குள் நுழைய, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புதுப்பித்த காரணத்துக்காக வாடகையை உயர்த்துவதானால், எவ்வளவு என்பதை முதல் செங்கல்லைப் பெயர்ப்பதற்கு முன்பே இருவரும் பேசி எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும்.