நொய்யலில் கழிவுநீர் கலப்பதை இயந்திரக் கற்றலால் கணிப்பது எப்படி?

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் நொய்யலில், கழிவுநீர் ஓடை ஒன்று வந்து விழும் இடத்திற்குக் கீழே எவ்வளவு தொலைவில் உப்பு எவ்வளவு இருக்கும் என்று கணிக்க விரும்புவோர், கணினியைத் திறப்பதற்கு முன் ஆற்றங்கரைக்குச் செல்ல வேண்டும். நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்கு உதவாமல் சாயக்கழிவு தேங்கும் இடமானதைக் கண்ட உழவர்களுக்கு, இக்கணிப்பின் தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பைப் பெருமளவில் சேர்ப்பதால், சாயக்கழிவைப் பின்தொடர மின்கடத்துதிறனே எளிய அளவு; நீரில் உப்பு கூடக் கூட அது மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். அதை அளக்கும் மீட்டரை முதலில், சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு) காட்ட வேண்டிய கரைசலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் அளவு ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும் என்பதால், எல்லா அளவுகளையும் 25 டிகிரிக்கு மாற்றிக் குறிக்க வேண்டும். ஓடை சேர்ந்த பிறகும் நெடுந்தொலைவு வரை கழிவு ஒரு கரையை ஒட்டியே ஓடக்கூடும். ஆகவே இடக்கரை, நடு ஆறு, வலக்கரை என மூன்று இடங்களிலும் அளக்க வேண்டும். உப்பு நீர் கனமானது. தடுப்பணையில் தேங்கிய நீரில் அது அடியில் படிந்துவிடும். அங்கே மேல்நீரை மட்டும் மொண்டு அளந்தால் நல்ல நீர் என்றே தோன்றும்.

அடுத்து, இயந்திரத்திடம், அதாவது அளவுகளைப் பார்த்துத் தானே விதியைக் கற்கும் கணினி நிரலிடம், எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஆற்றில் நொடிக்கு 4 கன மீட்டர் நீர் 900 மைக்ரோசீமன்ஸ் அளவிலும், ஓடையில் 1 கன மீட்டர் 6400 அளவிலும் வருவதாகக் கொண்டால், முழுமையாகக் கலந்தபின் ஏறத்தாழ 2000 என்று தாளிலேயே கணக்கிட்டுவிடலாம். நேரில் அளந்ததை இக்கணக்கால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தை மட்டும் இயந்திரம் கற்றுக்கொள்ளட்டும்; அது கணிக்கும் விகிதத்தை இக்கணக்கால் பெருக்கினால் அந்த இடத்தின் அளவு கிடைக்கும். தரவு குறைவாக இருக்கும்போது இம்முறை பெரிதும் கைகொடுக்கும்.

உள்ளீடுகளாக இரு நீரோட்டங்களின் விகிதம், ஆற்றின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தொலைவு, ஆழத்திற்கும் அகலத்திற்கும் உள்ள விகிதம், அளந்த இடம் எந்தக் கரை என்பன போதும். பைத்தான் நிரல்மொழியில், பல முடிவு மரங்களின் கணிப்புகளைச் சராசரியாக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறையிலேயே தொடங்கலாம். சில நூறு அளவுகளை வைத்துக்கொண்டு பல அடுக்கு நரம்பு வலையமைப்புகளைப் பயன்படுத்தும் ஆழ்கற்றலுக்குப் போவது வீண்.

பலரும் தவறுவது சோதிப்பதில்தான். ஒரே நாளில் அடுத்தடுத்து எடுத்த அளவுகளைக் குலுக்கி, சிலவற்றைப் பயிற்சிக்கும் சிலவற்றைச் சோதனைக்கும் பிரித்தால், விடை தெரிந்த கேள்வியையே தேர்வில் கேட்டதாகும். ஓர் இடத்தின் அளவுகள் முழுவதையும், ஒரு பருவத்தின் அளவுகள் முழுவதையும் ஒதுக்கிவைத்துச் சோதிக்க வேண்டும். தான் பார்த்திராத பெருவெள்ளத்தை ரேண்டம் ஃபாரஸ்ட் கணிக்காது. கோடையின் வறண்ட நாள்களிலும் ஐப்பசி மழையிலும் அளவெடுத்தே ஆக வேண்டும்.

பாசன நீருக்கு இந்தியத் தர வகைப்பாடு தரும் வரம்பு 2250 மைக்ரோசீமன்ஸ். முடிவை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், '1800 முதல் 2500 வரை இருக்கலாம்' என்பதுபோல வீச்சாகச் சொல்லுங்கள். அந்த வீச்சுக்குள் 2250 விழுந்தால், வாய்க்காலில் நீரைத் திறப்பதற்கு முன் அந்த இடத்தில் மீண்டும் ஒருமுறை மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும்.