தமிழும் மலையாளமும் ஓடும் வீட்டுக்கு ஒரு மீடியா சர்வர்: பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின்

செங்கோட்டை, புளியரைப் பக்கத்து வீடுகளில் எந்த ஹார்ட் டிஸ்கைத் திறந்தாலும் இரண்டு மொழியும் கலந்தே கிடக்கும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவாங்கூர்-கொச்சியைச் சேர்ந்த ஊர். பெண் கொடுத்ததும் எடுத்ததும் மலைக்கு அந்தப் பக்கமும்தான். அதனால் பாட்டிக்கு மலையாளப் படம், பிள்ளைகளுக்குத் தமிழ், நடுவில் கல்யாண வீடியோக்கள், 2010இல் மீட்டர் கேஜ் நின்றுபோவதற்கு முன் ஆரியங்காவு வழியாகப் போன ரயிலில் எடுத்த காட்சிகள் என்று எல்லாம் நாலைந்து பென் டிரைவிலும் டிஸ்கிலும் சிதறியிருக்கும்.

இவற்றை ஒரே இடத்தில் வைத்து, வீட்டில் உள்ள எல்லா டிவியிலும் போனிலும் பார்க்கும்படி செய்வதுதான் மீடியா சர்வர். அந்த வேலையைச் செய்யும் இலவச மென்பொருள்தான் ஜெல்லிஃபின். என் அளவுகோல் ஒன்றே ஒன்று. பாட்டி யாரையும் கூப்பிடாமல், ரிமோட்டை எடுத்து, தன் மொழியில் தானே படம் போட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடித்து மரம் விழுந்து ஃபைபர் அறுந்தாலும், வீட்டுக்குள் ரவுட்டர் ஓடிக்கொண்டிருந்தால் போதும், படம் ஓடும். சர்வரிலிருந்து டிவிக்குப் போக இன்டர்நெட் தேவையே இல்லை.

படி 1: என்னென்ன வேண்டும்

பழைய லேப்டாப் ஒன்று. டெஸ்க்டாப்பைவிட லேப்டாப்பையே நான் சொல்வேன், ஏனென்றால் கரண்ட் போனால் அதன் பேட்டரியே யுபிஎஸ். இன்டெல் பிராசஸர் என்றால் 7ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது நல்லது. ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கிய இப்போதைய 10 பிட் வீடியோக்களை அதன் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் சிப் எளிதாகக் கையாளும். 8 ஜிபி ரேம் இருந்தால் தாராளம்.

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது 2.5 இன்ச் யுஎஸ்பி டிஸ்காகப் பாருங்கள். 3.5 இன்ச் பெரிய டிஸ்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். கரண்ட் போன அந்த நொடியே அது நின்றுவிடும், லேப்டாப் மட்டும் ஓடி என்ன பயன்? சின்ன டிஸ்க் லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றும் வாங்கிவிட்டால் கவலை இல்லை. டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கட்டும். ஃபேட் 32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது.

மின்சாரச் செலவைக் கேட்பவர்களுக்கு: சும்மா இருக்கும் லேப்டாப் 15 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 22 யூனிட்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11 ஏற்குமானால் முதலில் அதை ஏற்றிவிடுங்கள். ஏற்காது என்றால் அந்த மெஷினை சர்வர் வேலைக்கு மட்டும் வையுங்கள். பேங்க் வேலை, மெயில் எதையும் அதில் செய்ய வேண்டாம்.

படி 2: தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், சார்ஜில் இருக்கும்போது ஸ்லீப் என்பதை 'நெவர்' ஆக்குங்கள். மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் 'டூ நத்திங்'. எந்நேரமும் சார்ஜில் கிடக்கும் பேட்டரி நாளடைவில் உப்பிவிடக்கூடும். பல கம்பெனி லேப்டாப்களில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி அவர்களுடைய ஆப்பிலேயே இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். சாரல் காலத்தில் ஈரம் ஏறும் சுவரை ஒட்டி வைக்காமல், காற்றுப் போகும்படி ஒரு பலகையில் வையுங்கள்.

படி 3: லேன் கேபிளும் நிலையான முகவரியும்

சர்வரை ரவுட்டரோடு லேன் கேபிளில்தான் இணைக்க வேண்டும். சர்வரும் வைஃபை, டிவியும் வைஃபை என்றால் ஒரே காற்றலையில் அதே படம் இரண்டு தடவை பயணிக்கிறது. பாதி திக்கலுக்குக் காரணம் அதுதான். கேட் 5இ கேபிள் போதும். டிவி வைஃபையில் இருக்கலாம், ஆனால் 5 ஜிகாஹெர்ட்ஸில் சேருங்கள்.

அடுத்தது ஐபி முகவரி. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி கொடுக்கிறது. கரண்ட் போய் வந்தால் அது மாறிவிடலாம், அப்புறம் டிவிக்கு சர்வர் எங்கே என்று தெரியாது. இதைத் தடுக்க:

1. லேப்டாப்பில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் போங்கள். அங்கே 'பிசிக்கல் அட்ரஸ்' என்ற மேக் எண் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.
2. அதே பக்கத்தில் நெட்வொர்க் வகையை 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். 'பப்ளிக்' என்று இருந்தால் வீட்டில் வேறு எந்தக் கருவிக்கும் சர்வர் கண்ணில் படாது.
3. பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைப் போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாஸ்வேர்டோடு இருக்கும்.
4. டிஹெச்சிபி பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' போன்ற பெயரில் ஒரு பகுதி இருக்கும். அதில் மேக் எண்ணைக் கொடுத்து, 192.168.1.50 போல ஒரு முகவரியை ஒதுக்குங்கள். உங்கள் ரவுட்டர் 192.168.0.1 என்றால் 192.168.0.50.

லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, அந்த முகவரி வந்துவிட்டதா என்று பாருங்கள்.

படி 4: ஃபோல்டர்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். டிஸ்கில் நான்கு ஃபோல்டர்கள் போடுங்கள்: தமிழ்ப் படங்கள், மலையாளப் படங்கள், தொடர்கள், குடும்பம். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஜெல்லிஃபினுக்கு அது பிரச்சினை இல்லை.

படம் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர். ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் ஒரே பெயர்: படத்தின் பெயர், ஓர் இடைவெளி, அடைப்புக்குறிக்குள் வெளியான ஆண்டு. ஆண்டு இல்லாவிட்டால் பழைய படத்துக்குப் புதுப் படத்தின் போஸ்டர் வந்து நிற்கும். ஒரே பெயரில் பல படங்கள் நம்மிடம் நிறையவே உண்டு. தொடர்களுக்கு ஃபைல் பெயரில் எஸ் என்ற ஆங்கில எழுத்து, இரண்டு இலக்க சீசன் எண், பிறகு ஈ எழுத்து, இரண்டு இலக்கத்தில் எபிசோட் எண் என்று வரிசையாக, இடைவெளி இல்லாமல் வர வேண்டும்.

குடும்ப வீடியோக்களுக்கு ஆண்டை முன்னால் போடுங்கள். '1998 சித்தி கல்யாணம்' என்றால் அவை தாமே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும்.

டிவிடியில் இருக்கும் கல்யாண வீடியோவை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றலாம். நம் ஊர் டிவிடிகள் 'பால்' என்ற டிவி முறையில் வந்தவை, 720க்கு 576, பெரும்பாலும் இன்டர்லேஸ்டு, அதாவது படத்தின் ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் மாறி மாறிப் பதிவானவை. அப்படியே மாற்றினால் ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். ஃபில்டர்ஸ் பகுதியில் 'டீஇன்டர்லேஸ்' போட மறக்காதீர்கள். விஹெச்எஸ் கேசட் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மலையடிவார ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும், பிடித்த பிறகு மீட்பது கஷ்டம்.

படி 5: ஜெல்லிஃபின்

ஜெல்லிஃபின் முழுக்க இலவசம். 2018 டிசம்பரில் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. கணக்குத் தொடங்க வேண்டாம், சந்தா கிடையாது. உள்ளே நுழைய இன்னொரு கம்பெனியின் சர்வரைக் கேட்க வேண்டியதும் இல்லை. ஃபைபர் அறுந்த நாளில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அதன் தளத்திலிருந்து விண்டோஸ் இன்ஸ்டாலரை இறக்கி ஓட்டுங்கள். 'பேசிக் இன்ஸ்டால்' தேர்ந்தெடுங்கள். சர்வீஸாக நிறுவும் வழி முதல்முறை செய்பவர்களுக்கு வேண்டாம். ஃபயர்வால் கேட்டால் பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கீழ்மூலையில் வரும் ஜெல்லிஃபின் ஐகானை வலது கிளிக் செய்து 'ஆட்டோஸ்டார்ட்' போடுங்கள். இந்த முறையில் விண்டோஸில் லாகின் ஆன பிறகுதான் சர்வர் கிளம்பும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி அதே லேப்டாப்பின் பிரவுசரில் 192.168.1.50:8096 என்று அடித்தால் அமைப்புப் பக்கம் வரும். முதல் யூசர்தான் நிர்வாகி, நல்ல பாஸ்வேர்டு கொடுங்கள். பிறகு லைப்ரரிகள்.

தமிழ்ப் படங்களுக்கு ஒன்று, மலையாளப் படங்களுக்கு ஒன்று என்று தனித்தனி லைப்ரரி போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படத்தின் கதைச்சுருக்கமும் தலைப்பும் எந்த மொழியில் வர வேண்டும் என்பதை லைப்ரரிவாரியாகத்தான் வைக்க முடியும். ஒன்றுக்குத் தமிழ், மற்றதற்கு மலையாளம் என்று வைத்துவிடுங்கள். குடும்பம் ஃபோல்டருக்கு 'ஹோம் வீடியோஸ் அண்ட் ஃபோட்டோஸ்' என்ற வகை. இதைப் 'மூவிஸ்' என்று போட்டால் சித்தி கல்யாணத்துக்கு ஏதோ ஒரு சினிமா போஸ்டரை ஒட்டிவைக்கும்.

கடைசியில் ரிமோட் கனெக்ஷன் பற்றிக் கேட்கும். இருப்பதை அப்படியே விடுங்கள். வெளியிலிருந்து சர்வருக்குள் வரும் வாசலான போர்ட்டை ரவுட்டரில் தானாகத் திறக்கும் வசதி கண்ணில் பட்டால் மட்டும் அதை எடுத்துவிடுங்கள்.

படி 6: ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழி

பாட்டிக்கு ஒரு யூசர், பிள்ளைகளுக்கு ஒன்று என்று ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கமான டாஷ்போர்டில் சேருங்கள். யாருக்கு எந்த லைப்ரரி தெரிய வேண்டும் என்பதை அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். நிர்வாகி உரிமை உங்களுக்கு மட்டும்.

அப்புறம் பாட்டியின் யூசரில் நுழைந்து, செட்டிங்ஸில் பிளேபேக் போய், விருப்ப ஆடியோ மொழி மலையாளம் என்று வையுங்கள். அதற்குக் கீழே, மொழி எதுவானாலும் டீஃபால்ட் ஆடியோவையே ஓட்டு என்கிற டிக் இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். அது இருக்கும் வரை நீங்கள் தேர்ந்தெடுத்த மொழிக்கு மதிப்பே இல்லை. பலர் இங்கேதான் குழம்பி, மலையாளம் வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

அப்படியும் தமிழிலேயே பேசினால், ஃபைலுக்குள் எந்த ஆடியோ எந்த மொழி என்று எழுதப்படாமல் இருக்கும். இரண்டு மொழி ஆடியோ உள்ள ஃபைல்களில் இது அடிக்கடி நடப்பது. எம்கேவி டூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளின் 'ஹெடர் எடிட்டர்' பகுதியில் ஃபைலைத் திறந்து, ஒவ்வோர் ஆடியோ டிராக்குக்கும் மொழியைக் கொடுத்துச் சேமியுங்கள். வீடியோவில் எந்த மாற்றமும் வராது, சில நொடி வேலை. எம்பி4 ஃபைல் என்றால் முதலில் அதே மென்பொருளில் எம்கேவி ஆக்கிக்கொள்ளுங்கள், தரம் குறையாது. முடிந்ததும் ஜெல்லிஃபினில் அந்தப் படத்துக்கு 'ரிஃப்ரெஷ் மெட்டாடேட்டா' கொடுங்கள்.

தமிழ் சப்டைட்டில் கேள்விக்குறிகளாக வந்தால், நோட்பேடில் ஃபைலைத் திறந்து பாருங்கள். அதில் எழுத்து சரியாகத் தெரிந்தால் யுடிஎஃப்-8 என்கோடிங்கில் மறுபடி சேமித்தால் சரியாகும்.

படி 7: டிவியும் போனும்

ஆண்ட்ராய்டு டிவி, ஃபயர் டிவி ஸ்டிக், ஆண்ட்ராய்டு போன், ஐபோன் எல்லாவற்றுக்கும் ஜெல்லிஃபின் ஆப் இருக்கிறது. நிறுவியதும் பெரும்பாலும் தானே சர்வரைக் கண்டுபிடிக்கும். இல்லையென்றால் 192.168.1.50:8096 என்று கையால் கொடுங்கள். டிவி சேராமல் அடம்பிடித்தால் முதலில் பார்க்க வேண்டியது அது 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா என்பதை. கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கும் கருவிக்கு வீட்டு சர்வர் பொதுவாகத் தெரியாது.

படம் ஓடும்போது டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். 'டைரக்ட் பிளே' என்றால் ஃபைல் அப்படியே போகிறது, சர்வருக்கு வேலையே இல்லை. 'டிரான்ஸ்கோடிங்' என்றால் டிவிக்குப் புரியாத ஃபார்மட்டை சர்வர் உடனுக்குடன் மாற்றிக்கொண்டிருக்கிறது, காரணமும் அங்கேயே போட்டிருக்கும். ஃபேன் சத்தம் போட்டுப் படம் திக்கினால், பிளேபேக் பகுதியில் டிரான்ஸ்கோடிங்குக்குள் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை 'இன்டெல் குயிக்சிங்க்' ஆக்குங்கள், அந்த வேலையை கிராஃபிக்ஸ் சிப் எடுத்துக்கொள்ளும்.

படி 8: புது ஃபைல் போட ஒரு ஷேர்

ஒவ்வொரு தடவையும் டிஸ்கைக் கழற்ற வேண்டாம், ஃபோல்டரை ஷேர் செய்தால் வீட்டிலுள்ள வேறு கம்ப்யூட்டரிலிருந்தே அதில் ஃபைல் போடலாம். லேப்டாப்பில் பாஸ்வேர்டு உள்ள தனி லோக்கல் யூசர் ஒன்றை உண்டாக்கி, குடும்பம் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ஷேரிங் போய் அந்த யூசருக்கு மட்டும் படிக்க, எழுத உரிமை கொடுங்கள். 'எவ்ரிஒன்' என்பதற்கு முழு உரிமை கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பழைய டிவி பெட்டி ஒன்றுக்காக, ஃபைல் ஷேர் செய்யும் பழைய முறையான எஸ்எம்பி 1ஐ இயக்கச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2017இல் உலகெங்கும் கம்ப்யூட்டர்களை முடக்கிய வானாக்ரை வைரஸ் பரவியது அந்த எஸ்எம்பி 1இன் ஓட்டை வழியாகத்தான்.

வெளியூர் உறவினர்களுக்கு

புனலூரில் இருக்கும் அத்தைக்கும் கல்யாண வீடியோ வேண்டும் என்றால், ரவுட்டரில் 8096 போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். திறந்த போர்ட்டைத் தேடி அலையும் புரோகிராம்கள் இன்டர்நெட்டில் எந்நேரமும் உண்டு. அதோடு பல ஃபைபர் இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது முகவரியே இருக்காது. ரவுட்டரின் 'வேன்' முகவரி, அதாவது இன்டர்நெட் பக்கத்து முகவரி, 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் போர்ட் திறந்தும் பயனில்லை. டெயில்ஸ்கேல் என்ற ஆப்பை சர்வரிலும் அத்தையின் போனிலும் போட்டு இணைத்தால் இரண்டுக்கும் நடுவில் மறைகுறியிட்ட தனிப் பாதை அமைந்துவிடும்.

இரண்டாவது பிரதி கட்டாயம். சினிமா போனால் மறுபடி கிடைக்கும், குடும்பம் ஃபோல்டர் கிடைக்காது. அதை இன்னொரு டிஸ்கில் காப்பி செய்து, முடிந்தால் அத்தை வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். யூசர்கள், லைப்ரரி அமைப்பு எல்லாம் சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் ஜெல்லிஃபின் பெயரில் இருக்கும். சர்வரை நிறுத்திவிட்டு அதையும் அதே டிஸ்கில் காப்பி செய்துகொள்ளுங்கள்.